பெயரின் பொருளும் பெயரிடும் உரிமையும்: ஆப்பிரிக்க அமெரிக்க ஆண்பாற்பெயர்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆப்பிரிக்க அமெரிக்க ஆண் குழந்தைகளுக்கான பெயர்த் தொகுப்புகள் ஒவ்வொரு பெயரையும் மூலமொழி, சொற்பொருள் என்னும் இரண்டு குறிப்புகளுக்குள் அடக்கிவிடுகின்றன. அடிமை முறையின்கீழ்ப் பெயர் பறிக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தின் பெயர்களை அறிய இவ்விரு குறிப்புகளும் போதா என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஒலாடா இக்வியானோ, ஃபிரெடரிக் டக்ளஸ், புக்கர் டி. வாஷிங்டன் ஆகியோரின் தன்வரலாறுகள், சோரா நீல் ஹர்ஸ்டனின் வாய்மொழிப் பதிவு, டோனி மாரிசனின் நாவல், அண்மைக்காலப் புள்ளியியல் ஆய்வுகள் சில ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. இப்படைப்புகளைத் தமிழில் பெயர்க்கும்போது எழும் சிக்கல்கள் இறுதிப் பகுதியில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மக்கட்பெயராய்வு, ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியம், இடுகுறி, கிழமைப்பெயர், டோனி மாரிசன், மொழிபெயர்ப்பு

முன்னுரை

மக்கட்பெயராய்வு நீண்டகாலமாகச் சொற்பிறப்பியலின் துணைப்பிரிவாகவே வளர்ந்து வந்துள்ளது. ஒரு பெயர் எம்மொழிச் சொல், அதன் வேர் யாது, வேரின் பொருள் யாது என்பனவே அதன் முதன்மை வினாக்கள். தமிழில் நிகழ்ந்த பெயராய்வுகளும் பெரும்பாலும் இவ்வழியிலேயே சென்றுள்ளன. ஒரே மொழிச் சூழலில் தலைமுறை தலைமுறையாகப் பெயர் கைமாறிவரும் சமூகத்துக்கு இம்முறை ஓரளவு பொருந்தும். பெற்றோர் இட்ட பெயரைக் கப்பலேறிய நாளிலேயே இழந்து, விலைக்கு வாங்கியவர் இட்ட பெயரால் கணக்கேட்டில் பதியப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு அது பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா.

நன்னூலார் பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்தார். காரணம் கருதாது இட்டு வழங்குவது இடுகுறி. காரணம் பற்றி வருவது காரணப்பெயர். இப்பாகுபாடு பொருட்பெயர்களுக்காக அமைந்தது எனினும், இக்கட்டுரைக்கு அது பயன்படும் கருவியாகிறது. ஆப்பிரிக்க அமெரிக்கப் பெயர்களில் பல, அகராதியில் தேடுவோர்க்கு இடுகுறியாகவும், இட்டவரின் நிலையறிந்து நோக்குவோர்க்குக் காரணப்பெயராகவும் தோன்றுகின்றன. காரணம் சொல்லின் வேரில் இல்லை. பெயரிட்ட நிகழ்வில் உள்ளது.

சீசரும் இக்வியானோவும்

பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கத் தோட்டங்களின் கணக்கேடுகளிலும், தப்பியோடியோரைத் தேடி வெளியான நாளிதழ் விளம்பரங்களிலும் சீசர், பாம்பி, கேட்டோ, சிப்பியோ, ஜூபிடர் முதலிய பெயர்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. அகராதி வழியில் இவற்றுக்குப் பொருள் கூறினால் கிடைப்பவை பண்டைய உரோமின் தலைவர்களும் தெய்வங்களுமே. சட்டத்தின் கண்ணில் உடைமையாகிய ஒருவனை உலகாண்டவன் பெயரால் அழைத்து வேலை ஏவுவதில் உள்ள எள்ளலை எந்த வேர்ச்சொல் ஆய்வும் வெளிப்படுத்தாது. பெயரின் உயர்வு இங்கே தாழ்வைச் சுட்டும் கருவியாகப் பயன்பட்டது. இலத்தீன் கற்ற முதலாளியின் கல்விச் செருக்கும் அதில் கலந்திருந்தது.

இவ்வெள்ளலைப் பெற்றவர் பக்கமிருந்து எழுதப்பட்ட தொடக்கக் காலச் சான்றுகளுள் ஒன்று 1789-இல் வெளிவந்த ஒலாடா இக்வியானோவின் தன்வரலாறு. அவர் அமெரிக்காவில் நிலைத்து வாழ்ந்தவரல்லர். வர்ஜீனியா வழியாக ஆங்கிலக் கடற்படை அதிகாரி ஒருவரின் கைக்கு மாறியவர். ஆயினும் பின்வந்த அமெரிக்க அடிமைத் தன்வரலாறுகளுக்கு அந்நூல் முன்மாதிரியாயிற்று. கப்பலில் ஒரு பெயர், வர்ஜீனியாவில் ஜேக்கப் என வேறொரு பெயர், அதன்பின் குஸ்தாவஸ் வாசா என மூன்றாம் பெயர். கடைசிப் பெயரை ஏற்க மறுத்து ஜேக்கப் என்றே அழைக்கப்பட விரும்பியதையும், அடி வாங்கிய பின்னரே பணிந்ததையும் அவர் பதிவு செய்கிறார். குஸ்தாவஸ் வாசா என்பவர் தேனிஷ் ஆட்சியிலிருந்து சுவீடனை மீட்ட மன்னர். விடுதலை வீரனின் பெயரை ஓர் அடிமைச் சிறுவனுக்கு அடித்து ஏற்றியிருக்கிறார்கள்! அதே நூலில் தம் இயற்பெயரின் பொருளையும் அவர் விளக்குகிறார். நற்பேறு, உரத்த குரல், நாவன்மை என்பன அவ்விளக்கத்தில் இடம்பெறுகின்றன. நூலின் தலைப்பில் அவர் இரு பெயர்களையும் வைத்துக்கொண்டார். பறிக்கப்பட்ட பெயருக்குப் பொருள் கூறவும், திணிக்கப்பட்ட பெயருக்கு வரலாறு கூறவும் அவர் தேர்ந்ததை நோக்கினால், அகராதி முறையின் குறைபாடு அந்நூலிலேயே உணரப்பட்டிருந்தது எனலாம்.

கிழமைப்பெயர்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்களிடையே குழந்தை பிறந்த கிழமை பற்றிப் பெயரிடுவது வழக்கம். ஞாயிறு பிறந்த ஆண் குவாசி, திங்கள் க்வாட்வோ, செவ்வாய் க்வாபெனா, புதன் க்வாக்கு, வியாழன் யாவ், வெள்ளி கோஃபி, சனி க்வாமே. நன்னூல் வழியில் இவை காலங்காரணமாக வந்த பெயர்கள். அட்லாண்டிக்கைக் கடந்தபின் இவை குவாஷி, கட்ஜோ, குவாக்கோ, கஃபி என ஆங்கிலச் செவிக்கேற்பத் திரிந்து கரோலினாவிலும் கரீபியத் தீவுகளிலும் வழங்கின. கட்ஜோ ஜோ ஆயிற்று, குவாக்கோ ஜாக் ஆயிற்று எனவும் ஆய்வாளர் கருதுவர். அவ்வாறாயின், ஆவணத்தில் ஜாக் எனக் கண்டவுடன் அது ஆங்கிலப் பெயர் என முடிவு செய்தல் பிழை. முதலாளியின் செவிக்கு ஜாக், தாயின் வாய்க்கு புதன்கிழமை என ஒரே ஒலி இரு மொழிகளில் இரு பெயராய் வாழ்ந்திருக்கக்கூடும்.

இப்பெயர்களின் பிற்கால வாழ்வு ஒருபடித்தானதன்று. குவாஷி என்பது கரீபியத்தில் மந்தமானவன் எனப் பொருள்படும் வசைச்சொல்லாகத் தாழ்ந்தது. இரண்டாம் மகனுக்கு இடப்படும் ஹவுசா பெயராக அறியப்படும் சாம்போ என்பதும் இவ்வாறே இழிசொல்லாயிற்று. மறுபுறம், மாசசூசெட்சைச் சேர்ந்த கப்பல் தலைவர் பால் கஃபி (1759–1817) தம் தந்தையின் கிழமைப்பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார். அவர் தந்தை ஸ்லோக்கம் என்னும் முதலாளியின் பெயரால் அறியப்பட்டவர். அப்பெயரை விட்டு, வெள்ளிக்கிழமை பிறந்ததைச் சுட்டும் பெயரை வழிவழிப் பெயராக்கியது சிறிய செயலன்று. தந்தையின் பிறப்பு ஒரு வமிசத்தின் தொடக்கம் எனும் அறிவிப்பு அதில் அடங்கியுள்ளது.

ஜார்ஜியா, தென் கரோலினாக் கடலோரத் தீவுகளில் வாழும் கல்லா மக்களின் மொழியை ஆராய்ந்த லாரென்சோ டவ் டர்னர் 1949-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் திருப்புமுனையாகக் கருதத்தக்கது. அவர் தொகுத்த ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களுள் பெரும்பான்மை ஆட்பெயர்கள். பள்ளியிலும் வெளியாரிடத்தும் ஓர் ஆங்கிலப் பெயர். வீட்டிலும் உறவிலும் 'கூடைப்பெயர்' எனப்பட்ட மற்றொரு பெயர். வெளியார் வந்து கேட்டால் முதற்பெயரே சொல்லப்படும். ஆவணங்களை மட்டும் நம்பிய முன்னையோர் கல்லா மக்களிடம் ஆப்பிரிக்கக் கூறுகள் எஞ்சவில்லை என்று எழுதியதற்குக் காரணம் இதுவே. டர்னர் தாமே ஆப்பிரிக்க அமெரிக்கர். ஆப்பிரிக்க மொழிகள் சிலவற்றைக் கற்றுச் சென்றவர். கேட்கத் தெரிந்தவரிடமே பெயர் சொல்லப்பட்டது.

ஹர்ஸ்டனின் 'பாரகூன்' இவ்விரட்டைப் பெயர் வழக்கை ஒரு குடும்பத்தின் அளவில் காட்டுகிறது. 1860-இல் அலபாமாவின் மொபீல் துறைக்கு அடிமைகளைக் களவாகக் கொண்டுவந்த கிளோடில்டா கப்பலில் வந்தவர் கொசோலா. அங்கே கட்ஜோ லூயிஸ் எனப்பட்டார். 1920-களின் இறுதியில் ஹர்ஸ்டன் அவரைச் சந்தித்து எழுதிய நூல் 2018-இல்தான் அச்சேறியது. முதலாளிக்குத் தம் பெயர் வாயில் நுழையாமையால் கட்ஜோ என்று தாமே ஒரு பெயரை முன்வைத்ததாக அவர் கூறுகிறார். தம் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயரொன்றும் தாய்நிலப் பெயரொன்றுமாக இவ்விரண்டு பெயர் இட்டார். மூத்த மகன் ஊரார்க்கு அலெக், வீட்டில் இயாஜெமி. யொரூபா மொழியில் இத்தொடர் நான் துன்புற்றேன் எனப் பொருள்படும். எந்தக் குழந்தைப் பெயர்த் தொகுப்பும் இப்பெயரைப் பரிந்துரைக்கப் போவதில்லை. ஆயினும் இங்கு மூலமொழி, பொருள், இட்டவர், இட்ட காரணம் நான்கும் ஒன்றாய் நிற்கின்றன. அலெக் என்னும் பெயரிலோ அவற்றுள் ஒன்றும் தெரியவில்லை.

விடுதலையும் குடும்பப் பெயரும்

ஃபிரெடரிக் டக்ளஸ் மேரிலாந்தில் பிறந்தபோது இட்ட பெயர் ஃபிரெடரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி. 1838-இல் தப்பியபின் பிடிபடாதிருக்கப் பெயரை மாற்றி, நியூயார்க்கில் ஜான்சன் ஆனார். நியூ பெட்ஃபோர்டை அடைந்தபோது அங்கே ஜான்சன்கள் ஏராளம். அவருக்கு அடைக்கலம் தந்தவரும் நேதன் ஜான்சன். புதுப்பெயரைத் தேரும் உரிமையை டக்ளஸ் அவரிடமே விடுகிறார். ஃபிரெடரிக் என்பதை மட்டும் எடுத்துவிடலாகாது என்பது நிபந்தனை. அப்போது வால்டர் ஸ்காட்டின் காவியமொன்றைப் படித்துக்கொண்டிருந்த நேதன், அதில் வரும் பாத்திரத்தின் பெயரைத் தருகிறார்.

ஸ்காட்லாந்துப் பழங்குடியின் பெயர் ஆப்பிரிக்க அமெரிக்கரின் தலைசிறந்த நாவலருக்கு உரியதாயிற்று என இதைச் சுவைச்செய்தியாகக் கூறிக் கடப்போர் பலர். நிபந்தனையைக் கவனித்தல் வேண்டும். பெய்லி என்பது தாய்வழிக் குடும்பத்தின் பெயர். அதை அவர் விட்டார். தம்மைத் தாமாக உணரச்செய்யும் முதற்பெயரை விடவில்லை. எதை இழக்கலாம், எதை இழத்தலாகாது என முடிவு செய்யும் உரிமை அவருக்கு முதன்முறையாகக் கிடைத்தது; அதைப் பயன்படுத்தியபின், எஞ்சியதைக் கருப்பின நண்பரொருவரின் கொடையாக ஏற்றார். விலைக்கு வாங்கியவர் இட்ட பெயருக்கும் விடுதலைபெற்ற தோழர் இட்ட பெயருக்கும் உள்ள வேறுபாடு டக்ளஸ் என்னும் சொல்லில் இல்லை.

புக்கர் டி. வாஷிங்டனின் நிகழ்வு இன்னும் எளியது. 1901-இல் வெளிவந்த தன்வரலாற்றில், பள்ளியில் பெயர் அழைக்கும்போது மற்றச் சிறுவர்களுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டு திகைத்ததையும், தம் முறை வந்ததும் தயங்காமல் புக்கர் வாஷிங்டன் என்றதையும் எழுதுகிறார். தாய் தமக்கு டாலியஃபெரோ என்னும் பெயரும் இட்டிருந்ததைப் பின்னரே அறிந்து, அதை நடுவில் சேர்த்துக்கொண்டார். குடியரசுத் தலைவரின் பெயர் என்பது மேலோட்டமான விளக்கம். அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயரும் வாஷிங்டன். 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அக்குடும்பப் பெயர் கொண்டோருள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கருப்பினத்தவர் என்பது கருதத்தக்கது. நாட்டின் தந்தை எனப்படுபவரின் பெயர், அவர் அடிமைகளாக வைத்திருந்த மக்களின் பெயராகவே இன்று எஞ்சியுள்ளது.

அடிமைக் குடும்பங்களைப் பற்றி 1976-இல் எழுதிய வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன், தோட்டப் பதிவேடுகளை ஒப்பிட்டு, மகனுக்குத் தந்தையின் பெயரிடும் வழக்கம் மிகுந்திருந்ததையும் மகளுக்குத் தாயின் பெயரிடுதல் அரிதாயிருந்ததையும் காட்டினார். சட்டப்படி குழந்தை தாயின் நிலையைப் பெறும். தந்தைக்கு ஆவணத்தில் இடமில்லை. எந்நேரமும் விற்கப்பட்டுப் பிரிக்கப்படக்கூடியவர் அவரே. எனவே மகனின் பெயர் தந்தையின் இருப்புக்குச் சான்றாயிற்று. இவ்வாய்வின் ஒளியில் நோக்கினால், ஜான், டாம், சாம் முதலிய மிக எளிய ஆங்கிலப் பெயர்களும் வெற்று இடுகுறிகளாக நில்லா. பாட்டன் சாம் என்றால் பேரன் சாம் என்பதற்குக் காரணம் உண்டு.

தவறான கட்டத்தில் எழுதப்பட்ட பெயர்

மேற்கண்ட வரலாறு முழுவதையும் ஒரே கதைப்பின்னலில் கொணர்ந்த படைப்பு டோனி மாரிசனின் 'சாங் ஆஃப் சாலமன்' (1977). நாயகனின் பாட்டன் விடுதலைக்குப்பின் பதிவு செய்யச் செல்கிறார். குடிவெறியிலிருந்த அதிகாரி பிறந்த ஊரைக் கேட்கிறான், மேக்கன் என்கிறார். தந்தை யார் என்கிறான், இறந்துவிட்டார் என்கிறார். விடைகள் தவறான கட்டங்களில் எழுதப்பட, அவர் பெயர் மேக்கன் டெட் ஆகிவிடுகிறது. ஊர்ப்பெயர் ஆட்பெயராகவும் தந்தையின் இறப்பு குடும்பப் பெயராகவும் நிலைக்கின்றன. அவர் மனைவி அதை மாற்ற வேண்டாம் என்கிறாள். பழையதை அது துடைத்துவிடும் என்பது அவள் எண்ணம். மகனும் பேரனும் அதே பெயரைச் சுமக்கிறார்கள்.

இப்பகுதியை அதிகார வர்க்கத்தின் அலட்சியம் பற்றிய அங்கதமாக மட்டும் வாசிப்போர் உளர். அவ்வாசிப்பு பாதி உண்மையே. பிழையைப் பிழையென அறிந்தே அக்குடும்பம் ஏற்கிறது. அடிமைக் காலப் பெயரைவிட ஒரு குடிகாரனின் கைப்பிழை மேலானதாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவ்வேற்பு தந்த விலை இரண்டு தலைமுறை கழித்துத் தெரிகிறது: பேரனுக்குத் தன் பாட்டனின் உண்மைப் பெயர் ஜேக் என்பதும், ஜேக்கின் தந்தை சாலமன் என்பதும் தெரியவில்லை. நாவலின் பிற்பகுதி அப்பெயர்களைத் தேடும் பயணமாகிறது. மாரிசன் பெயர்மாற்றத்தைப் பழிக்கவுமில்லை, போற்றவுமில்லை. அதனால் எது கிடைத்தது, எது போயிற்று என்று கணக்குப் பார்க்கிறார்.

மேக்கன் டெட்டின் பிள்ளைகளுக்குப் பெயர் வேதாகமத்திலிருந்து கண்ணை மூடி விரல் வைத்துத் தேரப்படுகிறது. எழுத்தறியாத தந்தை, எழுத்தின் வடிவம் சிறு மரங்களுக்கு நடுவே நிமிர்ந்த பெருமரம்போல் தோன்றியதால் ஒரு சொல்லை மகளுக்குத் தேர்கிறார். அது பைலேட் என மருத்துவச்சி அஞ்சியும் அவர் மாற்றவில்லை. ஆண்பாற்பெயர் பெண்ணுக்கு இடப்பட்ட இவ்விடம் நம் பொருளுக்குப் புறம்பானதன்று. சொற்பொருள் அறிந்தோர்க்கு அது இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த ஆளுநன். வடிவம் மட்டும் கண்டவர்க்கு மரம். பெயரைப் படிக்கத் தெரிந்தவரும் பார்க்கத் தெரிந்தவரும் எதிரெதிரே நிற்கின்றனர். நாவலின் சார்பு இரண்டாமவர் பக்கம் என்றே கொள்ளவேண்டியுள்ளது. பைலேட் தன் பெயர் எழுதிய தாளைச் சிறு பித்தளைப் பேழையிலிட்டுக் காதில் அணிந்து வாழ்கிறாள்.

நாயகனின் பட்டப்பெயர் மில்க்மேன். வயது கடந்தும் தாய்ப்பால் அருந்தியதை வேலையாள் ஒருவன் சன்னல் வழியே கண்டு பரப்பிய பெயர். அவன் நண்பன் கிட்டார். இவ்விருவர்க்குமிடையே பெயர் பற்றி நிகழும் உரையாடல் அறுபதுகளின் விவாதத்தை ஒரு பக்கத்தில் சுருக்கித் தருகிறது. மால்கம் எக்ஸைப்போல் நீயும் குடும்பப் பெயரைத் துறக்கலாமே என மில்க்மேன் சீண்ட, அடிமைப் பெயரால் தனக்குத் தொல்லையில்லை, அடிமை நிலையே தொல்லை எனும் கருத்தில் கிட்டார் விடையளிக்கிறான். முதலாளியிடமிருந்து வந்த பெயரும் தன்னில் ஒரு பகுதி என்கிறான். அவ்வாறு கூறுபவனே நாவலில் மிகத் தீவிரமான வன்முறைக் குழுவின் உறுப்பினன். எழுவர் கொண்ட அக்குழுவில் ஒவ்வொருவர்க்கும் ஒரு கிழமை உரியது. கிட்டாருக்கு ஞாயிறு. பிறந்த கிழமையால் பெயர்பெற்ற அக்கான் மரபை இது நினைவூட்டாமல் இல்லை. அங்கே கிழமை ஒருவனை உயிரோடு பிணைத்தது. இங்கே பழிக்குப் பழியாகக் கொல்லும் முறைநாளாகிவிட்டது. மாரிசன் இதை நோக்கியே அமைத்தார் எனச் சாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் தலைகீழான அவ்வடிவம் பனுவலில் உள்ளது.

இறுதியில் மில்க்மேன் தன் குலவரலாற்றைக் கண்டடைவது ஆவணத்திலன்று. குழந்தைகள் வட்டமாகச் சுற்றி ஆடும் பாட்டில். அதில் சாலமனோடு பெலாலி, மெதினா, முகம்மெத் முதலிய பெயர்களும் வருகின்றன. ஜார்ஜியாவின் சபேலோத் தீவில் அடிமையாய் வாழ்ந்து, அரபு எழுத்தில் கையெழுத்துப்படி விட்டுச்சென்ற பிலாலி முகம்மதின் நினைவு இவற்றில் ஒலிப்பதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். இசுலாமியப் பெயர்கள் அறுபதுகளில் புதிதாய் ஏற்கப்பட்டவை என்னும் பொதுக்கருத்துக்கு இப்பாட்டு அமைதியாக மறுப்புக் கூறுகிறது.

துறந்தனவும் சூடியனவும்

அறுபதுகளின் பெயர்மாற்ற இயக்கம் நன்கறியப்பட்டது, விரிவு வேண்டா. மால்கம் லிட்டில் 1952-இல் சிறையிலிருந்து வந்தபின் எக்ஸ் எனும் குறியை ஏற்றார். அறியப்படாத ஆப்பிரிக்கப் பெயருக்கான வெற்றிடக் குறி அது. இழப்பை மறைக்கும் பெயர்களுக்கு நடுவே இழப்பையே எழுதிக்காட்டிய பெயர். காசியஸ் கிளே 1964-இல் முகம்மது அலி ஆனார். அவர் அடிமைப்பெயர் எனத் துறந்தது கென்டக்கியைச் சேர்ந்த அடிமை ஒழிப்பாளர் காசியஸ் மார்செலஸ் கிளேயின் பெயர். முன்னோர் நன்றியோடு இட்டது. அகராதியோ வரலாறோ பெயருக்கு நற்சான்று தரினும், ஏற்பவன் மறுத்தால் அது நில்லாது. புதுப்பெயரால் அழைக்க மறுத்த எர்னி டெரலை 1967-இல் ஹூஸ்டன் களத்தில் என் பெயர் என்ன என்று கேட்டபடியே அலி தாக்கினார். அக்குத்துச்சண்டையின் கொடுமையைக் கண்டித்தோர் உண்டு. கேள்வி நியாயமானது என்பதை அது மாற்றாது.

கவிஞர் அமிரி பராக்காவின் பெயர்வரலாறு மெல்லிய நகை கலந்தது. லெராய் என்பது பிரெஞ்சு மொழியில் அரசன் எனப் பொருள்படுவதன் வழிவந்தது. அவர் முதலில் அதன் எழுத்தைப் பிரெஞ்சு வடிவுக்கு மாற்றினார். பின் அரபுப் பெயரும், அதன் சுவாகிலித் திரிபும் ஏற்றார். அரசன் இளவரசனானான். அந்நாளைய தேசியவாதிகள் பலர் கிழக்காப்பிரிக்கச் சுவாகிலியை நாடியதும், அமெரிக்காவுக்கு விற்கப்பட்டோர் பெரும்பாலும் மேற்கு, நடு ஆப்பிரிக்காவினர் என்பதும் முரண் எனப் பலமுறை சுட்டப்பட்டுள்ளது. அம்முரண் உண்மையே. எனினும் எந்த இனக்குழுவினர் எனத் தெரியாதபடி செய்யப்பட்டவர்கள், பல இனக்குழுக்களுக்குப் பொதுவான ஒரு மொழியைத் தேர்ந்ததில் அறியாமையைவிடத் தெரிவே மிகுதி.

'பொருளற்ற' பெயர்கள்

டிஷான், டிஆண்ட்ரே, லமார், ட்ரேவான் முதலிய பெயர்களே இன்று மிகுந்த ஏளனத்துக்கு உள்ளாகின்றன. இவற்றுக்கு மூலமில்லை, பொருளில்லை, பெற்றோர் மனம்போனபடி புனைந்தவை என்பது குற்றச்சாட்டு. கருப்பின நடுத்தர வகுப்பாரிடமிருந்தும் அது எழுவதுண்டு. ஷான் என்பது ஐரிஷ் ஜான். முன்னொட்டு பிரெஞ்சுச் சாயல் உடையது. டைரோன் அயர்லாந்தின் ஒரு மாவட்டம். ட்ரெமெய்ன் கார்ன்வால் ஊர்ப்பெயர். மூலம் காட்டுவது எளிது; காட்டியபின் அறிந்தது ஏதுமில்லை. முன்னொட்டும் அடியும் சேர்த்து ஒலிநயமும் அழுத்தமும் கருதிப் புதுப்பெயர் ஆக்கும் விதிகள் இவற்றில் உள்ளன. கலிபோர்னியப் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்த ஃபிரையர், லெவிட் (2004) ஆகியோர், 1960-களில் குறைவாயிருந்த பெயர் வேறுபாடு 1970-களின் தொடக்கத்தில் கூர்மையாகப் பெருகியதைக் காட்டினர். கருப்பினத்தவர் தனித்து வாழ்ந்த பகுதிகளில் அது மிகுதி. மனம்போன போக்குக்கு இத்தகைய காலஎல்லை அமைவதில்லை.

அதே ஆண்டு பெர்ட்ராண்ட், முல்லைநாதன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனைத் தன்விவரக் குறிப்புகள் அனுப்பப்பட்டன. தகுதி ஒத்திருந்தும் வெள்ளையர் பெயர் தாங்கியவை 50 விழுக்காடு கூடுதல் அழைப்புகளைப் பெற்றன. ஜமால், கரீம், ரஷீத் ஆகியவை அங்கே கருப்பினப் பெயர்களாக இடம்பெற்றன. அழகு, வள்ளன்மை, நேர்வழி என்பன இவற்றின் அகராதிப் பொருள்கள். வேலை தருபவர் வாசித்த பொருள் வேறு. பிள்ளைக்கு நல்ல பொருளுடைய பெயரிட்டால் போதும் என அறிவுரை கூறுவோர் இவ்வாய்வைப் படித்தல் நலம்.

தனித்த கருப்பினப் பெயர்கள் அறுபதுகளின் விளைவு என்பதும் முழு உண்மையன்று. குக், லோகன், பார்மன் (2014) ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் சார்ந்த பதிவுகளிலிருந்து பிரின்ஸ், கிங், மாஸ்டர், ஃபிரீமன், மோசஸ், எலைஜா முதலிய பெயர்கள் கருப்பின ஆண்களிடையே தனித்து மிகுந்திருந்ததை நிறுவினர். இப்பெயர்களைத் தாங்கியோர் பிற கருப்பின ஆண்களைவிடச் சராசரியாக ஓராண்டுக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தனர் என்பது அவர்களின் அடுத்த ஆய்வு தந்த வியப்பு. வெள்ளையர் கருப்பினப் பெரியவரை மதிப்புச்சொல் சேர்த்து அழைக்க மறுத்து, நரைத்த தலையரையும் 'பையா' என விளித்த காலம் அது. மாஸ்டர் என மகனுக்குப் பெயரிட்டுவிட்டால் விளிப்பவன் வாயில் எஜமான் வந்தே தீர வேண்டும். சீசர் என்னும் பெயரில் முதலாளி செய்த எள்ளலுக்கு ஒரு நூற்றாண்டு கழித்துத் தந்தையர் தந்த விடையாக இதனை வாசிக்கலாம்.

தமிழில் பெயர்க்கும்போது

இவ்வளவும் தமிழெழுத்துக்கு மாறும்போது என்ன ஆகும்? ஜமால், கரீம் என எழுதினால் தமிழ் வாசகர் இசுலாமியர் எனக் கொள்வார். அமெரிக்கச் சூழலில் அப்பெயர்கள் முதலில் சுட்டுவது இனத்தை. டிஷானும் டேவிடும் தமிழில் ஒரே தொலைவிலுள்ள அயற்பெயர்களாய்த் தோன்றுவதால், அமெரிக்கச் செவியில் அவற்றுக்கிடையே உள்ள பிளவு மறைந்துவிடும். ஒலிபெயர்ப்பு மட்டும் போதாது. பெயரைக் கேட்ட பிற பாத்திரங்களின் எதிர்வினை வழியே மொழிபெயர்ப்பாளர் அதை உணர்த்த வேண்டியிருக்கும்.

மாரிசனின் நாவல் இச்சிக்கலுக்குச் செறிந்த எடுத்துக்காட்டு. மில்க்மேனைப் பால்காரன் என்றால் தமிழில் அது தொழிற்பெயராகி, காலைநேரப் பால் விற்பவரே நினைவுக்கு வருவார். சன்னல் வழிக் காட்சியின் கூச்சம் போய்விடும். டெட் என்பதை ஒலிபெயர்த்தால் கட்டம் மாறிய பிழை புரியாது. பாட்டியின் பெயர் சிங். இறந்த தந்தையின் ஆவி அதை உச்சரிக்க, பைலேட் பாடு எனும் ஏவலாகக் கேட்டு வாழ்நாளெல்லாம் பாடுகிறாள். அது மனைவியை அழைத்த பெயர் என்பது பின்னரே தெரிகிறது. தமிழில் சிங் என எழுதினால் பஞ்சாபியர் ஒருவர் வந்து நிற்பார். அவ்விடத்தில் பாடு என்றே பெயரை மொழிபெயர்ப்பது பிற பெயர்களின் ஒலிபெயர்ப்போடு ஒத்திசையாதெனினும், கதையின் திருப்பம் அதிலேயே தங்கியிருப்பதால் ஒத்திசைவை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து.

மாறாக, பைலேட்டுக்குத் தமிழ் ஆயத்தமாகவே உள்ளது. தமிழ் வேதாகமத்தில் அவன் பிலாத்து. ஒரு பெண் குழந்தைக்குப் பிலாத்து எனப் பெயரிட்டால் தமிழ்க் கிறித்தவ வாசகர் அந்த மருத்துவச்சியைப் போலவே திடுக்கிடுவார். ஒலிபெயர்ப்பில் அத்திடுக்கம் கிட்டாது. சாலமனுக்கு மட்டும் இவ்வழி முழுதும் உதவுவதில்லை. நாவலின் தலைப்பு வேதாகம நூலொன்றின் ஆங்கிலப் பெயரே; தமிழில் அந்நூல் உன்னதப்பாட்டு. அவ்வாறு தலைப்பிட்டால் வேதாகமத் தொடர்பு தெளிவாகும். ஆனால் மில்க்மேன் தன் பயணத்தின் முடிவில் கண்டடைய வேண்டிய முப்பாட்டனின் பெயர் நூலின் அட்டையிலிருந்தே காணாமற்போகும். சாலொமோனின் பாட்டு எனப் பெயரை நிறுத்துவதே தக்கது; வேதாகமத் தொடர்பை ஓர் அடிக்குறிப்பு தாங்கிக்கொள்ளும்.